மூன்றாம் சன்னல் எப்போதும் திறந்திருக்கும்

வாகைநல்லூர் தாலுகா ஆபீசின் மூன்றாம் சன்னலில் முதுநிலை உதவியாளராக இருந்த தண்டாயுதபாணி, தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி டீயைக் குடித்து முடித்து, டம்ளரை மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்து செத்துப்போனார் என்பதும், மறுநாள் காலை பத்து மணிக்கு அவரை ஆற்றங்கரையில் வைத்துக் கொள்ளி போட்ட அதே நேரத்தில் ஆபீசில் மணி அடிக்க, அந்த வெற்று நாற்காலியிலிருந்து அவருடைய கட்டைக் குரல் வழக்கம்போல “இருக்கேன்” என்று சொன்னது என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. உயிரோடு இருந்த காலத்திலும் அந்த நாற்காலியிலிருந்து அதற்கு மேல் எதுவும் வந்ததில்லை.

மணி விஷயத்தைச் சொல்லாமல் மேலே போனால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. முன்பெல்லாம் அந்த ஆபீசில் ஐந்து சன்னல் இருந்தும் கூட்டம் முழுவதும் இரண்டாம் சன்னலில்தான் தொங்கும், ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்த மரகதவல்லி ஒருவர்தான் வேலை செய்கிறவர். அரசாங்கம் இதை ஆராய்ந்து பார்த்து, நோய் மற்ற நான்கு சன்னல்களில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஒரே வேலைக்கு நாலைந்து கம்ப்யூட்டர்களை வைத்து, வருகிற சுமையைப் பங்கு பிரித்து அனுப்ப வாசலில் ஒரு லோடு பேலன்சரை நிறுத்துவார்களாம், அது உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் நொடிக்கொரு தரம் உயிரோடு இருக்கிறாயா என்று விசாரித்து, பதில் வராததை ஒதுக்கி வைத்து, பதில் சொல்கிறதுக்கு மட்டும் ஆளை அனுப்புமாம், அதனால் ஒன்று படுத்துவிட்டாலும் சேவை நிற்கவே நிற்காதாம். அதையே மனிதர்களுக்கும் செய்தால் என்ன என்று மேலிடத்தில் யாரோ ஒருவர் கேட்க, சென்னையிலிருந்து கிளாட்வின் என்ற இன்ஜினியர் வந்து, பீரோ உயரத்தில் ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டியை வாசலில் நட்டுவிட்டுப் போனார். ஊர் அதற்கு லோடுக்காரன் என்று பெயர் வைத்தது.

லோடுக்காரன் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ஐந்து சன்னலிலும் மணி அடித்து, “இருக்கிறீர்களா?” என்று கேட்பான். மூன்று எண்ணுவதற்குள் “இருக்கேன்” என்று பதில் வர வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை பதில் வராவிட்டால் அந்தச் சன்னல் செத்ததாக அர்த்தம், ஷட்டர் தானாகக் கீழே இறங்கிவிடும், அங்கே யாருக்கும் டோக்கன் கிடையாது; அடுத்து இரண்டு தடவை ஒழுங்காகப் பதில் சொன்னால் மறுபடி உயிர் வந்ததாக ஷட்டர் மேலே ஏறும். எந்தச் சன்னல் சீக்கிரம் பதில் சொல்கிறதோ அதற்கே அதிகம் ஆளை அனுப்புவான். ஒன்றாம் சன்னலில் வேர்க்கடலை மென்றுகொண்டே இருக்கேன் என்றார்கள், நான்காம் சன்னலில் போனில் மச்சானோடு பேசிக்கொண்டே இருக்கேன் என்றார்கள், ஐந்தாம் சன்னலில் தலையைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டே இருக்கேன் என்று சொல்லப் பழகினார்கள், ஆனால் தண்டாயுதபாணியை யாராலும் முந்த முடியவில்லை, ஏனென்றால் அவருக்கு வேறு வேலையே இல்லை. செத்த பிறகு இன்னும் வேகம் கூடிவிட்டது, மணி அடித்து அடங்குவதற்கு முன்னாலேயே பதில் வந்தது.

ஆக வாகைநல்லூரில் மனு கொண்டுவந்த பத்துப் பேரில் ஏழு பேர் அந்த நாற்காலிக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். முதல் வாரம் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், இரண்டாம் வாரம் மனுவை நாற்காலியின் மேலேயே வைத்துவிட்டுப் போகப் பழகினார்கள், மூன்றாம் வாரம் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள், மாசி பிறந்தபோது நாற்காலியின் கைப்பிடியில் ஒரு செவ்வந்திச் சரம் தொங்கியது. முன்பு மாதிரி எரிந்து விழுவதில்லை, சாயங்காலம் வா என்று விரட்டுவதில்லை, எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் இருக்கேன் என்கிறார் என்று அவருக்கு நல்ல பெயர் கூட வந்துவிட்டது. வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள், மூணாம் சன்னலா, அப்படியென்றால் சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள் என்று அன்போடு புத்தி சொன்னார்கள். சித்திரையில் மாவட்ட அளவில் சேவை வாரம் கொண்டாடியபோது, இருநூறு சன்னல்களில் ஒரு நொடிகூடத் தடைபடாத ஒரே சன்னல் என்று வாகைநல்லூர் மூன்றாம் சன்னலுக்குக் கேடயம் கொடுத்தார்கள், நாற்காலியை இரண்டு பேர் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், கைதட்டல் ஓய்ந்ததும் அது நன்றியுரையாக ஒரு வார்த்தை சொன்னது.

அவருடைய மனைவி சங்கரவடிவு ஒருநாள் நேரில் வந்து, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று கேட்டுவிட்டு, “முப்பத்தோரு வருசம் நான் கூப்பிட்டதுக்கு ஒருக்கா ஏன்னு கேட்டதில்ல இந்த மனுசன். ஒரு தகரப் பெட்டி கூப்பிட்டா துள்ளிக்கிட்டுப் பதில் சொல்லுதாரு” என்று மூக்கைச் சிந்திவிட்டுப் போனாள். அவள் வந்தது அவருடைய சாவைப் பணிப்பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கேட்பதற்காக. தாசில்தார் குணசீலன் மறுத்துவிட்டார். “ஆள் ஆஜர்ல இருக்காரும்மா. தினம் ஆயிரம் தடவை இருக்கேன்னு சொல்றவரை நான் எப்படி இல்லைன்னு எழுதறது?” என்றார். அதே காரணத்தால் அந்தச் சன்னலுக்கு மாற்று ஆளும் வரவில்லை. இருந்தும் கெடுத்தான் செத்தும் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதில் உயிரோடு செத்துக்கொண்டிருந்தவர் மரகதவல்லி. அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, மனுவைக் கடைசி வரிவரை படிப்பார். அப்பா பெயரின் முதலெழுத்து ஒரு தாளில் ஒன்றும் இன்னொரு தாளில் வேறுமாக இருந்தால், இது பின்னால் உனக்குத் தொல்லையாகும் என்று பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுப்பார், காது கேளாத கிழவர் வந்தால் எழுந்து போய்ச் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பேசுவார். இதற்கிடையில் மணி எங்கே காதில் விழும்? நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அவர் தலைக்கு மேல் ஷட்டர் இறங்கும், வரிசையில் நின்றவர்களை லோடுக்காரன் மூன்றாம் சன்னலுக்கு மாற்றிவிடுவான். மாவட்டத்திலேயே அதிக நேரம் சேவையில் இல்லாத சன்னல் என்று மூன்று மாதத்தில் ஐந்து மெமோ வாங்கினார். உழுகிற மாட்டுக்குத்தான் அடி அதிகம்.

ஆனி மாதம் ஒரு திங்கள்கிழமை முத்துப்பேச்சி தன் மகள் மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முத்துப்பேச்சி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்குச் சமைக்கிறவள். மோனிஷா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கடைசியாக ஒரே ஒரு சாதிச் சான்றிதழுக்காக நின்றாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும், ஏற்றாவிட்டால் பெயர் பொதுப்பட்டியலுக்குப் போய்விடும், போனால் இந்த வருஷம் இடம் கிடையாது, அடுத்த வருஷம் படிக்க வைக்க முத்துப்பேச்சிக்குத் தெம்பு கிடையாது. வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தாசில்தாரோ ஒவ்வொரு திங்கள்கிழமையும் ஒரு கட்டு வெற்றுப் படிவத்தில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுச் சன்னல்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஓய்வெடுப்பவர். பாக்கி இருந்தது மனுவைப் பதிந்து, படிவத்தை நிரப்பி, முத்திரை குத்த ஒரு கை மட்டும்தான்.

திங்கள் மூன்றாம் சன்னல், செவ்வாய் மூன்றாம் சன்னல், புதன் மூன்றாம் சன்னல். வேறு சன்னலுக்குப் போனால், “லோடுக்காரன் அனுப்பலியே, டோக்கன் மாத்தினா எங்க தலை போயிரும்” என்றார்கள். வியாழக்கிழமையும் கையில் மூன்றாம் நம்பர் டோக்கன்தான். முத்துப்பேச்சி கம்பிக்குள் முகத்தைக் கொடுத்தாள்.

“ஐயா, இருக்கியளா?”

“இருக்கேன்.”

“எம்பிள்ளைக்கு ஒரு சாதிச் சான்றிதழ் வேணும்யா. நாளைக்கு கடைசி நாளு.”

பதில் இல்லை.

“ஐயா, இருக்கியளா?”

“இருக்கேன்.”

“அப்ப இதை வாங்கிக்கிடுங்க.”

பதில் இல்லை. மோனிஷா அழ ஆரம்பித்தாள். முத்துப்பேச்சிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. நேரே தாசில்தார் அறைக்குள் போனாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் தூசி தட்ட வருகிற கிளாட்வினும் அப்போது அங்கே உட்கார்ந்து கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நான் நூத்தி நாப்பது பிள்ளைகளுக்குச் சோறு பொங்குதேன். அடுப்பு இருக்கா, பானை இருக்கான்னு பாத்துட்டுப் போனா பிள்ளைகளுக்கு வயிறு நிறையுமா? இருக்கியளான்னு அரை நிமிசத்துக்கு ஒருக்கா கேக்குதே ஒங்க பெட்டி, வேலை செய்யுதியளான்னு ஒரு தடவையாது கேட்டுச்சா?”

தாசில்தார் கோபப்படுவதா சிரிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிளாட்வின் எழுந்து நின்றுவிட்டார். “அக்கா சொல்றது சரி சார். நாம கேக்கிற கேள்விதான் தப்பு. பதில் வருதான்னு மட்டும் பாத்தா செத்தவனும் பாஸ் ஆயிடுவான். ஒரு சின்ன வேலையக் குடுத்து, முடிச்சுத் தர்றாங்களான்னு பாக்கணும்.”

“பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றீங்க.”

“அதேதான் சார். ஒரு சாதிச் சான்றிதழ் போட எவ்வளவு நேரம் ஆகும்?”

சன்னலில் கடைசியாக உட்கார்ந்து பதினெட்டு வருஷம் ஆகிவிட்ட தாசில்தார் கொஞ்சமும் தயங்காமல், “ஒரு நிமிஷம்” என்றார்.

இந்த ஒரு நிமிஷத்தில்தான் எல்லாம் கெட்டது. படிக்காமல் முத்திரை குத்தினால் ஒரு நிமிஷம், படித்துக் குத்தினால் நாலு நிமிஷம். கிளாட்வின் தாசில்தாரை நம்பி, இருக்கிறீர்களா என்ற பழைய கேள்வியை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு சோதனை மனு என்று கணக்குப் போட்டு, வாசல் பெட்டியிலிருந்து ஐந்து சன்னலுக்கும் கூட்டத்தின் தலைக்கு மேலாகக் கம்பி இழுத்து, கம்பிக்கு ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தொங்கவிட்டார். கூடையில் மனு போகும், சான்றிதழ் திரும்பி வரும், வந்ததைப் பெட்டி சரிபார்த்துவிட்டுத் தானே நறுக்கிப் போட்டுவிடும். மனுதாரருக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று மாதிரிசாமி, தகப்பனார் பெயர் சோதனைமுத்து என்று போட்டார். சாதி என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். தாசில்தாருக்கு அதுவரை எந்த விஷயத்திலும் வராத பதற்றம் அப்போது வந்தது, சாதி இல்லாத ஆளுக்குச் சாதிச் சான்றிதழ் எப்படிக் கொடுப்பது என்று ஆபீஸ் முழுவதும் இரண்டு மணி நேரம் விவாதித்து, கடைசியில் ‘ஆய்வில் உள்ளது’ என்று எழுதி ஒருவழியாக முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதல் கூடைகள் கிளம்பின. பத்தேகாலுக்குள் ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து ஆகிய நான்கு ஷட்டர்களும் கடகடவென்று இறங்கின. மூன்றாம் சன்னலில் ஐந்து மாதமாக ஓயாத குரல், கேட்க ஆள் இல்லாமல் நின்றுபோனது. தாசில்தார் உடனே பதிவேட்டை எடுத்து, தண்டாயுதபாணி அன்று காலை பத்தேகால் மணிக்கு இறந்தார் என்று எழுதி, இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே கணவரை எரித்தது ஏன் என்று விளக்கம் கேட்டுச் சங்கரவடிவுக்கு ஒரு கடிதமும் தயார் செய்தார்.

ஐந்து சன்னல் கூட்டமும் மரகதவல்லியின் முன்னால் வந்து விழுந்தது. அவர் கூட்டத்துக்குப் பயப்படுகிறவர் இல்லை. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கூடை வந்து தலைக்கு நேரே நின்று மணி அடித்தது, மாதிரிசாமியின் மனுவை அவர் வழக்கம்போலக் கடைசி வரிவரை படித்தார், படிக்காமல் அவருக்கு முத்திரை குத்த வராது, நாலு நிமிடம் போனது, மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் வரிசையில் நின்றவருக்குக் கால் சான்றிதழ் எழுதினார், அதற்குள் அடுத்த கூடை வந்தது. இப்படி நாலு மாதிரிசாமிக்கு ஒரு மனிதர் என்ற விகிதத்தில் வாகைநல்லூர் நகர்ந்தது. மத்தியானத்துக்குள் மாதிரிசாமி ஊரில் பெரிய மனுஷனாகிவிட்டான். இத்தனை செல்வாக்கு உள்ளவன் எங்கள் ஆளாகத்தான் இருப்பான் என்று வரிசையில் ஒரு கூட்டம் சொல்ல, அப்பன் பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா எங்கள் ஆள்தான் என்று இன்னொரு கூட்டம் சொல்ல, இரண்டு சட்டைகள் கிழிந்தன. அவனைப் பெண்ணுக்குப் பார்க்கலாமா என்று விசாரித்தவர்களும் உண்டு.

மோனிஷாவின் டோக்கன் நாற்பத்தொன்று. நாலரை மணி ஆகப்போகிறபோது எழுபத்தெட்டு மாதிரிசாமிகளும் பத்தொன்பது மனிதர்களும் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். எதிர்க் கடையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம் விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள், அவர் அரைமணிக்கு ஒரு தரம் வாசலுக்கு வந்து கையை விரித்துவிட்டுப் போனார்.

“முடியாது போல இருக்கும்மா,” என்றாள் மோனிஷா. அவள் கண்ணீரெல்லாம் நேற்றே தீர்ந்துவிட்டது, வெறுமனே மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே கம்பியில் அடுத்த கூடை கிளம்பியது. “மாதிரிசாமிக்கு மட்டும் வரிசையே கிடையாது, பாத்தியா.”

முத்துப்பேச்சி மகளைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். மகளின் கையிலிருந்த தாள்களை வெடுக்கென்று பிடுங்கினாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரின் குடையை, “அண்ணாச்சி, ஒரு நிமிசம்” என்று வாங்கி, அதன் வளைந்த பிடியால் கூடையை எட்டி இழுத்து, மாதிரிசாமியின் மனுவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளின் மனுவை உள்ளே போட்டு விட்டாள். கூடை ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனது.

எழுபத்தொன்பதாவது கூடை மரகதவல்லியின் முன்னால் போய் நின்றது. அவர் மனுவை எடுத்தார், முதல் வரியில் நின்றார், கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு கம்பி வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். கையில் குடையோடு ஒருத்தியும், அவள் பக்கத்தில் மூச்சே விடாமல் ஒரு பெண்ணும் நின்றார்கள். மரகதவல்லி மறுபடி தாளுக்குக் குனிந்தார். வி.ஏ.ஓ. எழுதியதைப் படித்தார், ஆர்.ஐ. எழுதியதைப் படித்தார், அப்பா பெயரின் முதலெழுத்தை இரண்டு தாளிலும் ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த நாலு நிமிடமும் முத்துப்பேச்சி தனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டாள். முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. மரகதவல்லி சான்றிதழைக் கூடையில் வைத்து, பறந்துவிடாமல் இருக்க மேலே தன் பேனாவையும் வைத்தார்.

கூடை திரும்பியது. வாசல் பெட்டியின் வாயில் நறுக்கும் தகடு உறுமத் தொடங்கியது. நடுவில் இருநூறு பேர். முத்துப்பேச்சி, “வழி விடுங்க, வழி விடுங்க, அது எம்பிள்ளையோடது” என்று கத்தினாள், அவ்வளவு நாளாக ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு நின்ற ஜனம் இரண்டாகப் பிரிந்து நின்றது. மோனிஷா ஓடினாள். குடைக்குச் சொந்தக்காரர், “எட்டி, எம்பிப் பிடி!” என்று கூவினார். அவள் எம்பினாள், கூடை சாய்ந்தது, பேனா பெட்டிக்குள் விழுந்து நொறுங்கியது, தாள் அவள் கையில் இருந்தது. லோடுக்காரன் சிவப்பு விளக்கைப் போட்டு ஒரு தடவை கூவினான். அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. நாலு அம்பத்திரண்டுக்கு எதிர்க் கடையில் சான்றிதழ் ஏறியது, முத்துப்பேச்சி தெருவென்றும் பாராமல் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

திங்கள்கிழமை மாவட்டத்திலிருந்து அறிக்கை வந்தது. வெள்ளிக்கிழமை வாகைநல்லூர் இரண்டாம் சன்னலில் நடந்த சோதனைகள் தொண்ணூற்று மூன்று, வெற்றி தொண்ணூற்றிரண்டு, தோல்வி ஒன்று. பொதுமக்களின் மனுக்களைக் குறிக்க அதில் கட்டமே கிடையாது. தாசில்தார் அந்தத் தோல்வியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மூன்று நாட்களுக்குள் விளக்கம் தருமாறு மரகதவல்லிக்கு ஆறாவது மெமோவை அனுப்பினார்.

மரகதவல்லி அதையும் கடைசி வரிவரை படித்தார். புதுப் பேனா ஒன்றை எடுத்து, அடியிலேயே பதில் எழுதினார்: “ஐயா, மேற்படி தோல்வி உண்மையே. அந்த ஒரு சான்றிதழ் மட்டும் வழி தவறி, உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மற்ற தொண்ணூற்றிரண்டும் யாருக்கும் எந்த விதத்திலும் பயன்படவில்லை என்பதை இதன் மூலம் உறுதி அளிக்கிறேன்.”